நாற்பத்தோரு நாள் சொட்டு மருந்து

நாற்பத்தோரு நாள், காலையும் மாலையும், என் தங்கை சௌந்தர்யாவின் இடது காதில் நான்தான் மருந்து ஊற்றினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவளை நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். என் பெயர் ஜெயப்பிரியா. வயது இருபத்தாறு. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, ராசிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வீடு வெண்ணந்தூரில். முன்பக்கம் தறிக்கூடம், பின்பக்கம் நாங்கள். நான்கு விசைத்தறி ஓடும் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். எனக்குக் கத்த வராது. அதனால் சிறு வயதிலிருந்தே எனக்கும் சேர்த்து சௌந்தர்யா பேசினாள். கடையில், பஸ்ஸில், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட.

"எங்கக்கா பேசமாட்டாங்க. எல்லாத்தையும் மனசுல போட்டு வெச்சுக்குவாங்க. பாத்து நடந்துக்குங்க" என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு வரவில்லை.

அவளுக்கு வக்கீலாக வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கான மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போன வருடம் விண்ணப்பித்தாள். பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போடுவார்கள். அரை மதிப்பெண்ணில் போயிற்று. "இந்த வருசமும் கெடைக்கலீன்னா கண்ணாலந்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் அப்பா சண்முகவேல் சொன்னதை மாற்றிப் பழக்கமில்லாதவர்.

வேறு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தது நான். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அந்தப் பட்டியல் கடைசியில் வரும், சான்றிதழைப் பிறகு கொடுத்தால் போதும் என்றார்கள். சௌந்தர்யாவுக்குச் சிறு வயதிலிருந்தே இரண்டு காதும் மந்தம்; இடதில்தான் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். தறிச் சத்தம் பாதிக் காரணம், அடிக்கடி சீழ் வைத்தது மீதி. அதனால் இந்த வருட விண்ணப்பத்தில்கூட என் போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். அரசு மருத்துவமனையில் சோதித்துவிட்டு முப்பத்து நான்கு சதவீதம் என்றார்கள். நாற்பது இருந்தால்தான் சான்றிதழ்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "செவுடுலயும் ஃபெயிலாப் போனவ இந்த ஜில்லாவுலயே நா ஒருத்திதான்க்கா. ஆறு மார்க்கு. கருணை மார்க்கு கேட்டுப் பாக்கலாமா?"

முன்சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறு என்ற எண் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அடுத்த மாதம் மறுபடி சீழ் வந்தது. டாக்டரம்மா மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதினார். "ஒழுங்கா ஊத்தோணும் சாமி. அசால்ட்டா உட்டா இப்பக் கேக்கறதுங்கூடக் கொறஞ்சு போயிரும்" என்றார். எவ்வளவு குறையும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குத்தான் பேச வராதே. அன்றே மருத்துவமனையில் மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கினேன். நாற்பத்திரண்டாம் நாள் வரச் சொன்னார்கள்.

மாத்திரைகளில் நான் கை வைக்கவில்லை. அவளே விழுங்கினாள், ஐந்து நாளில் தீர்ந்தன. சொட்டு மருந்தைத் தானே ஊற்றிக்கொள்வது சிரமம். குப்பியிலிருந்ததைச் சாக்கடையில் விட்டுவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை நிரப்பினேன். தீரத் தீர நிரப்பினேன். வடிகட்டிய தண்ணீர்தான். கண்ட தண்ணீரை ஊற்றும் அளவுக்கு நான் மோசமானவள் இல்லை.

என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். "இந்தக் குப்பி தீரவே தீராதாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். பெரிய குப்பி என்றேன். இரண்டு வாரம் கழித்து அம்மா கவலைப்பட்டார். "மருந்து புடிக்கவே இல்லியே சாமி. வேற டாக்டருகிட்டக் காட்டலாமா?" நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யுமாம் என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னேன். நான் பொய் சொல்வேன் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது. அதிகம் பேசாதவர்களை நம்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. சௌந்தர்யா என் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். கடைக்காரர் என்ன சொன்னார், கண்டக்டர் ஏன் முறைத்தார், எல்லாவற்றுக்கும் என் பக்கம் திரும்பினாள். அம்மாவும் அப்பாவும் கத்தினால் அவளுக்குப் புரியவில்லை. நான் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் புரிந்தது. நான் வாய் திறக்க ஒருவர் காத்திருந்தது எனக்குப் புதிது. இதை எழுத வேண்டிய அவசியமில்லை. வரிசையாக எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு சதவீதம் என்று எழுதினார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஆறுதான்.

தனிப் பட்டியலில் இடம் கிடைத்தது. அப்பா தறிக்கூடத்தை அரைநாள் நிறுத்தி எல்லோருக்கும் மிக்சர் கொடுத்தார். சௌந்தர்யா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்க்கா" என்றாள். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் தெருவே திரும்பும்படி சொன்னாள். காலிக் குப்பிகள் எதையும் வைத்துக்கொள்ளாதவள், அந்தக் குப்பியை மட்டும் அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு மூடி, ராசியான குப்பி என்று ஹாஸ்டல் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதை நான் கவனிக்கவில்லை. என் தவறு.

கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதம் சூரமங்கலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தலை சுற்றி விழுந்தாள். சீழ் உள்ளே எலும்பை அரித்திருந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இடது காது இனிமேல் கேட்காது என்றார். என்ன மருந்து ஊற்றினீர்கள் என்றும் கேட்டார். அவள் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அதில் இருப்பது வெறும் தண்ணீர் என்று தெரிந்த பிறகு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

அவளுடைய புகார் மனுவைக் காட்டினீர்கள். பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். அவள் எழுதிய முதல் மனு அதுவாகத்தான் இருக்கும். நல்ல வக்கீலாக வருவாள். அந்த இடம் இல்லாவிட்டால் இந்நேரம் எந்த ஊரில், யார் வீட்டில் இருந்திருப்பாள் என்பதையும் அவள் யோசிக்க வேண்டும்.

மனுவில் உள்ள எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அக்கா என் படிப்புக்காக இப்படிச் செய்திருக்கலாம் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாள். அதைப் படித்த பிறகுதான், அவளுக்குத் தெரியாத ஒன்று இருப்பது எனக்கு நினைவு வந்தது.

இருபத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பொதுப் பட்டியலிலேயே சௌந்தர்யாவுக்கு இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் தேவையில்லை. இதற்குப் போகாவிட்டாலும் தனிப் பட்டியலில் பெயர் இருக்குமா என்று கல்லூரிக்குப் போன் செய்து கேட்டேன். இருக்கும் என்றார்கள். அதற்கு முன் நான் யாரிடமும் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. செய்தியை அழித்தேன்.

அன்று மாலை அவள் வந்து என் மடியில் தலை வைத்தாள். நான் ஊற்றினேன்.