அறுபதடி வடக்கயிறு

"குனி! குனி!"

சென்னியப்பன் கத்துகிறான். நான் குனிகிறேன். மாசி மாதம். பஸ்ராவுக்கு வடக்கே, ஆற்றங்கரை. நன்றாக விடிந்துவிட்டது. முதலில் குண்டின் சீழ்க்கை வரும். அப்புறம் நாலு எண்ணலாம். நாலாவதில் மண் எழும்பும். என் கையில் கோவேறு கழுதையின் கயிறு. அதன் முதுகில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தண்ணீர். கழுதை என்னை இழுக்கிறது. நான் அதை இழுக்கிறேன். அடுத்த சீழ்க்கைக்கு நாலு எண்ண நேரம் கிடைக்கவில்லை.

கண் திறந்தபோது சத்தமே இல்லை. சென்னியப்பன் வாய் திறந்து கிடந்தான். இன்னும் கத்துகிறான் என்றுதான் நினைத்தேன். செத்திருந்தான். என் இடது காதிலிருந்து கழுத்து வரை ரத்தம். அந்தக் காது அன்றோடு போயிற்று.

எருத்தேன்பதியிலிருந்து ஏழு பேர் போனோம். ஆள் சேர்த்தவன் நான். சண்டை நமக்கில்லை, சுமை தூக்குவதுதான் வேலை, மூன்று வேளையும் சோறு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னது இந்த வாய்தான். அன்று காலை மூன்று பேர் போனார்கள். வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கில் இருவர். ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று. காது கேளாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று என்னைக் கப்பலேற்றினார்கள்.

ஊருக்கு வந்தேன். ஆறு வீட்டு வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கு ஆளும் இல்லை. செத்தவர்களின் மனைவிகளும் போயிருந்தார்கள். வாந்திபேதியில் மூவர். பிரசவத்தில் ஒருத்தி. ஒருத்தி கிணற்றில். மிஞ்சியவள் வேலாத்தாள் மட்டும். சென்னியப்பன் மனைவி, பிள்ளை இல்லாதவள். மற்ற ஐந்து வீடுகளிலுமாக ஒன்பது பிள்ளைகள். பெரியவள் நாச்சிக்குப் பத்து வயது. கடைசிக் குழந்தைக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. பாப்பா என்றே கூப்பிட்டோம்.

ஊர்க்கோடியில் பாழடைந்து கிடந்த புகையிலைக் கொட்டகையைக் கேட்டு வாங்கினேன். பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். வேலாத்தாள் யாரும் கூப்பிடாமலே வந்து அடுப்பு மூட்டினாள். பாலக்காட்டு வக்கீல் ஒருவர் மாதாமாதம் நெல் அனுப்பினார். நல்ல மனிதர். ஒரு வருஷம் அனுப்பினார். ஆவணியில் என்னை வரச் சொன்னார்.

"இனிமே என்னால முடியாதுப்பா. தை வரைக்கும் அனுப்பறேன். அதுக்குள்ள கொழந்தைகளுக்குன்னு சொந்தமா ஒரு வழி பண்ணிடு."

அவர்மேல் குற்றமில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அடுத்த வாரமே ஒரு கங்காணி வந்தார். சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர். பிள்ளைகளின் விரல்களைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஏலம் பறிக்கச் சின்னக் கைதான் தோதுய்யா. கஞ்சி உண்டு, கம்பளி உண்டு. நாலு தோட்டத்துக்குப் பிரிச்சு விட்டுருதேன்."

அவர் பேச்சில் வஞ்சகம் இல்லை. நான் ஆறு பேரைக் கூப்பிட்டபோதும் என் பேச்சில் வஞ்சகம் இல்லை. மூன்று வேளைச் சோறு என்றுதானே நானும் சொன்னேன்! ஒரு பிள்ளையும் மலை ஏறாது என்று அவரை அனுப்பிவிட்டேன். தைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. கயிறு திரிப்பது. தோட்டத்து வரப்புகளில் புளிச்சைச் செடி நின்றது. வெட்டினோம். குட்டையில் ஊறப்போட்டோம். நாற்றம் குடலைப் பிடுங்கும். நார் உரித்து, அலசி, காயவைத்து, கன்றுக்குட்டிக் கயிறு திரித்தோம். சந்தையில் விற்றால் உப்புக்கும் மிளகாய்க்கும் ஆகும். சோற்றுக்கு ஆகாது. பெருமாட்டி ஊர்த் தோப்புக்காரர் ஒருவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக் கிணற்றுக்கு அறுபதடி வடக்கயிறு திரித்துத் தரச் சொன்னார்.

"கயிறு அறுகாம நின்னுதுன்னா எங் கெணறு அத்தனைக்கும் உங்க கயிறுதானுங்க. ஒம்பது புள்ளைக்கு வருசத்து நெல்லு நான் குடுக்கறன்."

அன்று வேலாத்தாள் பாயசம் வைத்தாள்.

வடக்கயிறு விளையாட்டு இல்லை. தண்ணீர் மொள்ளும் தோல்பறியும் மாடும் மாட்டுக்காரன் உயிரும் அதில் தொங்கும். மூன்று புரி முறுக்கிச் சேர்ந்தால் ஒரு வடம். ஒரு முனையைப் புளியமரத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு புரியின் மறுமுனையிலும் ஓர் ஆள் நின்று கட்டையைச் சுழற்றி முறுக்கேற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்துக்கொண்டே நான் மரத்தடியிலிருந்து பின்னால் நடந்து வருவேன். நடுவில் ஒருவர் கை தளர்ந்தாலும் முறுக்கு பிய்த்துக்கொள்ளும். நார் நொடித்துவிடும். அத்தனையும் வீண். கை மாற்றவும் கூடாது. இதைப் பிள்ளைகளுக்குப் பத்து தடவை சொன்னேன். "உயிர் போனாலும் விடக்கூடாது" என்று சொன்னேன். இப்படித்தான் சொன்னேன். அதே சொற்கள்.

ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. ரயில் நின்ற ஊரெல்லாம் இறங்கியது. எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தவன் நான். சந்தைக்குப் போய்த் திரும்பினேன். மூன்று நாள் படுத்தேன். எழுந்துவிட்டேன். நான்காம் நாள் இரண்டு பிள்ளைகள் படுத்தன. அப்போது வேலாத்தாள் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, புள்ளைகள ஆளுக்கொரு ஊட்ல உட்ருங்க. காச்ச அடங்குனாப் பொறகு கூட்டிக்கலாமுங்க."

மாட்டேன் என்றேன். பிரித்தால் பிரித்ததுதான், கங்காணி ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போவார் என்றேன். கயிறு முடியட்டும் என்றேன். ஒன்பதையும் ஒரே கூரையின் கீழே வைத்துக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை. பாவி.

வெள்ளிக்கிழமை. வெயில் ஏறுகிறது. புளியமரத்தில் மூன்று புரி. வலது புரியில் மாரப்பன். நடுப்புரியில் அவன் அண்ணன். இடது புரியில் நாச்சி. நான் மரத்தைப் பார்த்தபடி பின்னால் வருகிறேன். கட்டைகள் கிரீச் கிரீச்சென்று சுழல்கின்றன. எனக்கு வலப்பக்கத்துச் சத்தம் மட்டும் கேட்கிறது. இருபதடி. நாற்பதடி. கயிறு இரும்பாக இறுகி வருகிறது. இப்படி ஒரு கயிற்றை என் ஆயுசில் திரித்ததில்லை.

"விடாதே! இன்னும் கொஞ்சம்தான்! விடாதே!"

அவள் விடவில்லை. கடைசி அடி சேர்ந்தது. முடிச்சுப் போட்டேன். திரும்பிப் பார்த்தேன். நாச்சி கட்டையைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

"மாமான்னு ரெண்டு தடவ கூப்ட்டாளுங்க. நீங்க திரும்பலீங்க" என்றான் மாரப்பன்.

இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்.

காலையிலேயே காய்ச்சல் இருந்திருக்கிறது. சொன்னால் கயிற்று வேலை நின்றுவிடும், தம்பி ரங்கனை மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். ரங்கனும் காய்ச்சலில் கிடந்தது அவளுக்குத் தெரியாமலிருக்க அவனை வெளியே படுக்கவைத்திருந்தோம். அவன் அன்று காலையிலேயே அவளுக்கு முன்னால் போய்விட்டான்.

அப்புறம் நாளுக்கொன்று. குழி வெட்ட ஆள் வரவில்லை. நானே வெட்டினேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வேலாத்தாள் சாய்ந்தாள். இருவரையும் ஒரே குழியில் வைத்தேன். பிரிக்க மனம் வரவில்லை.

கார்த்திகையில் தோப்புக்காரர் கிணற்றில் கயிற்றைக் கட்டினார்கள். மாடுகள் இறங்கின, ஏறின. ஒரு புரி பிசகவில்லை. கயிறு நின்றது. மற்றக் கிணறுகளுக்கும் சொல்லிவிட்டார். தை பிறந்தது. இனி நெல் வேண்டாம் என்று வக்கீலுக்குச் சொல்லி அனுப்பினேன். கங்காணி வந்து வாசலில் நின்று பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது. பெயரோடு எழுதுகிறேன். பஸ்ராவுக்கு நான் கூட்டிப்போன சென்னியப்பனும் மற்ற ஐவரும். கொட்டகையில் வேலாத்தாள். பிள்ளைகளில் நாச்சி. ரங்கன். மாரப்பன். சின்னாத்தாள். பாப்பா.

தோப்புக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பது பிள்ளைகளுக்கான நெல் வண்டியில் வந்து இறங்கியது. யாரிடமும் கையேந்தாத முதல் சோறு. நானே பொங்கினேன். வேலாத்தாள் ஒன்பது பிள்ளைகளுக்கும் போட்ட அளவுதான் எனக்குத் தெரியும், அதையே போட்டேன். நாலு பிள்ளைகள் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். பானையில் ஐந்து பேர் சோறு மிச்சம்.