உளவாளியின் இடது தோள்

அவிநாசி மண்ணின் அடக்கமே ஆளாகி வந்து அமர்ந்தாற்போல் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் கந்தவேல் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை நமக்குத் திருநாளாக்கிய ‘மூன்றாம் பூட்டு’ தொலைக்காட்சித் தொடரின் உளவாளி மதியரசு, இன்றைய விழா நாயகர், எங்கள் ஆத்தப்பன் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் தேனாய்ப் பொழிந்துவிட்டு இப்போது தண்ணீர் தேடும் பேராசிரியர் தமிழ்மதி அவர்களே! வாரம் ஆறு நாள் ஓவர்லாக் தையல் எந்திரம் ஓட்டிவிட்டு ஏழாம் நாளும் தூக்கத்தைத் துறந்து வந்த தாய்மார்களே, தம்பிமார்களே! முதல் வரிசையில், மூன்றாவது நாற்காலியில், என்னைப் பெற்றவள் ராமாயி அம்மாளே! மாரிச்செல்வம் என்னும் கட்டிங் சூப்பர்வைசரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

அந்த உளவாளியை நினைத்துப் பாருங்கள். எந்த உளவாளியாவது உட்கார்ந்தே ஊரை வென்றதுண்டா? எதிரி ஓடுவான், இவர் உட்கார்ந்திருப்பார். எதிரி சுடுவான், இவர் உட்கார்ந்திருப்பார். கடைசியில் எதிரியே களைத்து இவர் காலடிக்கு வந்து சேருவான். ‘ஆஹா, என்ன நிதானம்!’ என்று நாம் அகமகிழ்ந்தோம். நிதானமா அது? நாடக மேடையிலிருந்து விழுந்து ஐயாவுக்கு முழங்கால் மூட்டு நொறுங்கியிருந்தது! எழுந்தால் வலி, நடந்தால் வலி. ஆனால் விரல்கள்? நெசவுக் குடும்பத்து விரல்கள்! அறுந்த இழையை இமைப்பதற்குள் முடிச்சிடும் விரல்கள்! அதனால்தான் மதியரசுக்குத் திறக்காத பூட்டே இல்லாமல் போனது.

அவரோடு நடித்த அன்புச்செல்வி அம்மையார் எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சந்தேகமாய்ப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? அம்மையாருக்கு இடது காது கேட்காது. வசனம் விழ வேண்டுமே என்று வலது காதைக் கொடுத்தார். நாம் அதையும் உளவுப் பார்வை என்று உச்சி மோந்தோம்!

அங்கே யாருங்க விசில்? அடிங்க தம்பி, நானும் அந்த வயதில் அடித்தவன்தான்.

பேராசிரியர் சற்றுமுன் ஒரு வார்த்தை சொன்னார். மதியரசின் இடது தோள் சாய்ந்திருக்குமே, அது தேசத்தின் ரகசியம் அழுத்தியதால் சாய்ந்தது என்றார். கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தத் தோளை அழுத்தியது தேசம் இல்லைங்க. முப்பது கிலோ கட்டிங் பீஸ் மூட்டை!

ஏழாவது வாரக் கதையில் உளவாளி ஓடியே தீர வேண்டும். ஓட ஐயாவால் ஆகாது. முதலிபாளையத்தில் நான் வேலை செய்த பனியன் கம்பெனியின் குடோனில்தான் படப்பிடிப்பு. இயக்குநர், ஐயாவின் உயரத்துக்கு ஓர் ஆள் தேடி என்னிடம் வந்து, “ஓடத் தெரியுமா?” என்றார். “ஷிஃப்டுக்கு ஓடியேதான் பொழைக்கேன் சார்” என்றேன். ஐயாவின் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். முகம் தெரியக் கூடாது, முதுகு மட்டும்தான்.

இயக்குநர் கத்தினார், “தோளை நிமிர்த்துய்யா!” நிமிர்ந்தால்தானே? வெட்டிய துணியைத் தையல் பகுதிக்கு நாளெல்லாம் இடது தோளில் சுமந்தவன் நான். மூட்டையை இறக்கிய பிறகும் தோள் இறங்கியே நின்றது. மூன்று முறை ஓடினேன், மூன்று முறையும் ஏச்சு. அப்போது நாற்காலியில் இருந்த ஐயா சொன்னார், “உடுங்க சார். அவரு தோளை ஏனுங்க நிமித்தறீங்க? என்ற தோளை நான் எறக்கிக்கறனுங்க.”

சபையோரே, சற்று எண்ணிப் பாருங்கள்! புகழ்பெற்ற நடிகர், பெயரற்ற சுமைக்காரனுக்காகத் தன் தோளைச் சாய்த்தார். அதன்பின் வந்த எல்லா வாரமும் சாய்த்தே நடித்தார். ஊரே அதைப் பார்த்துச் சாய்ந்து நடந்தது!

மறுநாள் இயக்குநர் என்னிடம் சத்தியம் வாங்கினார். உளவாளியால் ஓட முடியாது என்பது வெளியே தெரியவே கூடாது. சரி என்றேன். ஆனால், அதற்கு முந்தைய நாளே ஒரு தவறு செய்திருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு, “அம்மா, நான் டிவியில வாரேன்” என்று கடிதம் போட்டுவிட்டேன்.

பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரையே கூட்டி உட்கார்ந்திருக்கிறாள் என் தாய். முதுகு ஓடியது. “அந்தா எம்மவன்!” என்று எழுந்துவிட்டாள். ஊர் சிரித்தது. “ஏ ராமாயி, அது கதாநாயகன்லா!” இவள் விடவில்லை. “போன பொங்கலுக்கு வந்தப்போ அந்தத் தோளுக்கு எண்ணெய் தேச்சு விட்டது நாந்தான். எனக்குத் தெரியாதா?” பாக்கியிருந்த ஆறு வாரமும் போய் உட்கார்ந்தாள். அந்த முதுகு மறுபடி வந்து ஒரு முறை திரும்பாதா, அந்த முகம் ஒரு முறை தெரியாதா என்று ஏங்கினாள். அது திரும்பவே இல்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தெருவே கூடி, அவள் முன்னாலேயே கேட்டது. “ஏல, அது நீயா?”

இல்லை என்றேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன், தாயைப் பொய்க்காரி ஆக்கினேன். அவள் என் தட்டில் சோறு போட்டாள். ‘டிவி ராமாயி’ என்று ஊர் வைத்த கேலிப் பெயரை முப்பது ஆண்டுக்கு மேல் சுமந்தாள். அந்த ஊர்க்காரர்கள் பலர் இன்று இங்கே பனியன் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். பின்வரிசையில் தலை குனிவது எனக்குத் தெரிகிறது. குனிய வேண்டாம், குற்றம் என்னுடையது. எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன், சத்தியம் குறுக்கே நின்றது.

இன்று காலை ஐயா என் கையைப் பிடித்தார். “மாரி, இன்னிக்குச் சொல்லிப்போடு கண்ணு. என்ற மூட்டு வலியை ஊரே தெரிஞ்சுக்கட்டும். உன்ற அம்மாவுக்கு இனியும் அந்தப் பேரு வேண்டாம்.”

சபைக்கு முதுகு காட்டக் கூடாது, மேடை ஏறியவனுக்கு அதுதான் முதல் பாடம். தலைவர் அவர்களே, ஒரே ஒரு முறை அந்த மரபை மீற அனுமதி தாருங்கள்.

பாருங்கள், இதுதான் அந்த முதுகு. இதுதான் அந்தத் தோள்.

இதோ, திரும்பிவிட்டேன்.

அம்மா! நீ பாத்தது நெசந்தாம்மா. அது நாந்தான்!

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அவள் ஏதோ சொல்கிறாள். மைக்கை அங்கே கொடு தம்பி.

“அது அன்னைக்கே தெரியும்ல. இன்னும் தோளு வலிக்குதால?”

இல்லம்மா. இப்போ வலிக்கல.

என் தாயை நம்பிக் கைதட்டிய இந்தச் சபைக்கு நன்றி. தோள் சாய்த்த பெருமகனுக்கு நன்றி. இன்னொரு முறை, நேர்முகமாக நின்று, வணக்கம்!