ஆரையனுக்கு மேலே ஒரு சின்ன 'சி'

1998ஆம் ஆண்டு, பள்ளிக்கூட இரண்டாம் தவணையின் முதல் வாரம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு தாயும் உயர்தர வகுப்பில் படிக்கும் மகளும் இருந்தார்கள்.

"ஒரு சின்ன எழுத்துப் போடாததுக்கா என்னைய வரச் சொல்லிருக்காரு ஒங்க கணக்கு சேர்?"

"கோணத்தப் பாகைக்குப் பதிலா ஆரையன்ல எழுதினா, எண்ணுக்கு மேல சின்னதா 'சி' போடணுமாம். நான் போட மாட்டேன்னுட்டேன்."

"காலையில பெரட்டுக்குப் போகாம, ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வந்திருக்கேன்டி. போட்டுத் தொலைச்சா என்ன?"

"வட்டத்துல வில்லோட நீளத்த ஆரையால வகுக்கிறோம். சென்ரிமீற்றரும் சென்ரிமீற்றரும் வெட்டுப்பட்டுப் போகும். மிச்சம் வெறும் எண்தாம்மா."

"கொழுந்துக்குக் கிலோன்னு எழுதாட்டி கங்காணி விடுவாரா?"

"கொழுந்துக்கு எடை இருக்கு. இதுல அப்பிடி ஒண்ணும் மிச்சமில்ல."

தாய் மகளின் பக்கம் திரும்பினாள்.

"இதையே சேர்கிட்ட சொல்லுவியா? அழாம?"

"சொல்லுவேன்."

"அப்ப சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன். ஆனா மரியாதையாப் பேசணும்."

பதுளையில் இறங்க எழுந்தபோது, எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள். தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குங்க. மக கணக்குப் படிக்கிறா. அதப் பத்திப் பேச சேர் என்னையும் வரச் சொல்லிருக்காரு."