வலப்பக்கம் திரும்பிய மான்

என் கண்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். கண் மங்கிப்போய்த் தப்பாகச் செய்துவிட்டாள் என்று ஊரில் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். கண்களைக் காக்கும் புனித ஒட்டிலியாவின் பெயர்தான் எனக்கு. இந்த வயதிலும் அந்திவெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோர்ப்பேன்.

ராபென்ஃபெல்ஸ் பிரபுவின் வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டும் பைகளையெல்லாம் செய்தது நாங்கள்தான்; கணவர் போன பிறகு நானும் மகன் செவெரினும். பையின் மூடியில் பிரபு வீட்டுக் கேடயச் சின்னம் இருக்கும். கேடயத்துக்குள் துள்ளும் மான், இடப்பக்கம் பார்த்தபடி. தோலை நனைத்து, கத்திமுனையால் கோடு கீறி, பின்பக்கமிருந்து எலும்புக்கோலால் நெம்பினால் மான் மெல்ல எழும்பி வரும். அது மறுபடி அமுங்காமலிருக்க மாவும் தோல்தூளும் குழைத்து உள்ளே அடைப்போம். கடைசியில் மானுக்கு மட்டும் வெள்ளை பூசுவோம். எதிர்மலையிலிருந்து தெரியவேண்டுமே.

எங்கள் காட்டில் வனக்காவலர் ஆளைக் கண்டால் சீழ்க்கை அடிப்பார். பதிலுக்குக் கத்தக்கூடாது, விலங்கு கலைந்துவிடும். பையைத் தூக்கிக் காட்டவேண்டும். அவர் தூரக்கண்ணாடியில் மானைப் பார்த்துக்கொண்டு தன் வழியே போவார். இது தெரிந்து திருட்டு வேட்டைக்காரர்களும் பை செய்துகொண்டார்கள். அவர்களுக்குக் கையால் எழுப்பத் தெரியாது. எங்கள் மானைப் பார்த்து மரத்தில் அப்படியே அச்சு வெட்டித் தோலில் அழுத்தினார்கள். அச்சில் இடப்பக்கம் பார்த்த மான் தோலில் வலப்பக்கம் திரும்பிவிட்டது. பாவம், அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

தலைமை வனக்காவலர் கயெட்டான் இதை என் பட்டறையில் உட்கார்ந்து, பேரிக்காய்ச் சாராயம் குடித்தபடி சொன்னார்.

"கேட்டியா ஒட்டிலியாக்கா, திருட்டுப்பசங்க மானெல்லாம் திரும்பிக்கிட்டு ஓடுது. வாயத் தொறந்துடாத. புது ஆளுங்களுக்கே வேலையில சேர்ந்தப்புறம் நான்தான் சொல்லுவேன்."

"அப்படி ஒரு மானப் பாத்தா என்ன பண்ணுவ?"

"முழங்கால்ல ஒண்ணு. அதுக்கு மேல நான் சுட்டதே கிடையாது. பொழச்சுக் கெடக்கட்டும்க்கா. மலை மட்டும் ஏற மாட்டான்."

அன்று எனக்கு எந்த எண்ணமும் வரவில்லை. இது சத்தியம்.

இந்தக் கோடையில் பிரபு செவெரினைத் தன் வேட்டைக்காரனாக எடுத்துக்கொண்டார். கொஞ்சநாள் இங்கே, பனி விழுமுன் மலைகளுக்கு அப்பால் பிரபுவின் இன்னொரு காட்டுக்கு. தான் விரும்பிய பெண் அஃப்ராவைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம் என்றான். பட்டறை முழுக்கக் குதித்தான்.

"இனிமே ஊசி இல்லம்மா, துப்பாக்கி!"

"நீ துப்பாக்கி தூக்கினா மான் சிரிச்சே செத்துப்போகும்" என்றேன்.

"சிரிச்சுக்கோ. கிறிஸ்துமஸுக்குக் கறியோட வருவேன். பனி வழிய மறிக்கலன்னா."

பனி வழியை மறிக்காத கிறிஸ்துமஸை நான் இங்கே பார்த்ததில்லை, ஐயா.

நிதானமாகத்தான் யோசித்தேன். காலில் பட்ட காயம் ஆறும். தோல் வேலைக்கு இரண்டு கை போதும். எங்கள் ஊர் நொண்டி மத்தியாஸ் கடைசிவரை உட்கார்ந்து சேணம் தைத்தார். அவர் மனைவி ஒருநாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை. நான் பிள்ளைக்கு வேளாவேளைக்கு சூப் வைப்பேன், கட்டு மாற்றுவேன். அஃப்ரா நல்ல பெண். விரும்பினால் எங்களோடு வந்து இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

அவனுடைய பையை நானே செய்தேன். இதைவிட நல்ல மானை நான் எழுப்பியதில்லை. ஒவ்வொரு கொம்புக்கிளையும் தனியாக நிற்கும். வலப்பக்கம் பார்க்கும்படி கீறினேன். நடுவில் கயெட்டான் வந்து, "பையன் எப்ப சேர்றான்?" என்று கேட்டார். "மிக்கேல் திருநாள் கழிச்சு" என்றேன். திருநாளுக்கு முந்தின வாரமே அவன் சேருவதாக இருந்தது. கயெட்டான் அவனைக் காட்டில் எதிர்பார்க்கக்கூடாது, மான் ரகசியத்தையும் சொல்லிவிடக்கூடாது.

பையைக் கொடுத்தபோது செவெரின் மானை வெகுநேரம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்லி என் கண்கள் இரண்டிலும் முத்தமிட்டான். சந்தோஷத்தில் ஒன்றும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூடுபனி விலகாத காலை. அவன் முதல் மானைச் சுட்டிருந்தான். விழுந்த விலங்கின் வாயில் ஒரு தளிர் வைத்து, தொப்பியைக் கழற்றி, அதற்குக் கடைசிக் கவளம் கொடுக்கவேண்டும். அதுவரை எழுந்திருக்கக்கூடாது. சீழ்க்கை கேட்டபோது அவன் மண்டியிட்டிருந்தான். மண்டியிட்டபடியே பையைத் தூக்கி மார்புக்கு நேரே காட்டினான். மூடுபனியில் முகம் தெரியவில்லை; கயெட்டான் கண்ணாடியில் பையின் வெள்ளை மானைத்தான் பார்த்தார். முழங்காலைத்தான் குறிவைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. மண்டியிட்டவனுக்கு முழங்காலும் மார்பும் பக்கத்துப் பக்கத்தில். அந்தக் கடைசிக் கவளத்தை நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

அடக்கத்தின்போது அஃப்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், மனசு ஒடையாதீங்க. மான் மாறிப்போனது அவருக்குத் தெரியும். 'அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு அஃப்ரா, சொன்னா அழுவா. பைய வேணும்னே கிழிச்சுட்டு இன்னொண்ணு கேக்கறேன். பக்கத்துல உக்காந்து நானே கோடு போட்டுத் தர்றேன்'னார். உங்களை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. பிரபுகிட்ட இங்கயே இருக்கக் கேக்கப்போறேன்னு சொன்னாரு."

அவள் என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள்.

கயெட்டானை விட்டுவிடுங்கள், ஐயா. நான் எழுதியதை அவர் படித்தார், அவ்வளவுதான். செய்தது நான். என் மகனைச் சுட வைத்தது நான்.

ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணை முடிந்ததும் அந்தப் பையை என்னிடம் தந்துவிடுங்கள், அளவு பார்க்க வேண்டும். இன்னொன்று கேட்க நினைத்தானே. தோலை நனைத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இந்த முறை மான் சரியாகப் பார்க்கும். கல்லறைமேடு என் பட்டறை ஜன்னலுக்கு நேரே. வேலைக்கு நடுவில் தலையைத் தூக்கினால் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறான். எங்கும் போகவில்லை.