ஆமை முட்டைக்குக் காவல்

ஆமைக்கு, அண்ணை! ஆமை முட்டைக்குக் காவல் இருக்கப் போனவள் என்ர மகள் கிறிஸ்ரினா! சிரியுங்கோ, பரவாயில்லை. விபோர்க்கில பஸ் ஏறினதில இருந்து நீங்கள் வாயே திறக்கேல்ல... தென்னமெரிக்காவில, மழைக்காட்டுக்குள்ள ஒரு ஆறாம். கரை மணலில ஆமை முட்டை போடுமாம், சனம் தோண்டித் தின்னுமாம், இனமே அழியப் போகுதாம். உடன டென்மார்க்கில இருந்து இவள் ஓடிப்போய்க் காப்பாத்தோணும்!

போன மாசி அண்ணை. எங்கட சனம் வன்னிச் சண்டையில பங்கர்க் குழிக்குள்ள கிடந்து சாகுது, இவள் அங்க கூடாரம் அடிச்சுக்கொண்டு ஆமைக்கூடு பாக்கிறாள். "அம்மா, ஆறு பெருகுது, முட்டையளை மேட்டுக்கு மாத்தினனாங்கள்" எண்டு போனில சொல்லுறாள். உருட்டக்கூடாதாம், கிடந்தமாதிரியே தூக்கோணுமாம், பிரட்டினா உள்ளுக்க குஞ்சு செத்திடுமாம்! வீட்டில ஒரு கோப்பை கழுவாதவள்...

நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில பிர்கிற்ர எண்டு கூட வேலை செய்யிற டெனிஷ்காரி ஒருத்தி. "ஃபன்ராஸ்ரிஸ்க்!" அருமையாம், எண்டு கை தட்டுறா. சண்டை முடிஞ்ச அண்டைக்கு நான் அழுதழுது கட்டில் விரிக்கிறன், அவவுக்கு ஆமை எப்பிடி எண்டு தெரியோணுமாம். "ஆமையெல்லாம் சுகம். எங்கட ஆக்களைத்தான் ஒருத்தரும் மேட்டில தூக்கி வைக்கேல்ல" எண்டன். விளங்கேல்ல அவவுக்கு.

என்ன? ஆர் போகவிட்டதோ?

...நான்தான்.

அவள் கேட்டது வவுனியாவுக்கு. தாதிக்குப் படிக்கிறவள்தானே. காயப்பட்ட சனம் வருகுது, மேரிசெலின் சித்தியையும் தேடுவன் எண்டு நிண்டாள். மேரிசெலின் என்ர தங்கச்சி, வன்னிக்குள்ள அம்பிட்டவள். நான் செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு, அங்க போனா என்ர முகத்தில முழியாத எண்டன். ஆமை காக்க ஆள் வேணுமெண்டு பேப்பரில வந்த விளம்பரத்தை வெட்டி அவளின்ர மேசையில வைச்சதும் நான்தான். எங்கயாவது போ, அங்க மட்டும் போகாத எண்டு. பிழையோ அண்ணை? பெத்தவள் வேற என்ன செய்வாள்?

வைகாசியில, அகதி முகாமில இருந்து ஒருத்தர் போன் எடுத்தவர். அவையள் இருந்த பங்கரில ஷெல் விழுந்ததாம். மேரிசெலினின்ர உடம்பை அந்தப் பங்கருக்கயே மண்போட்டு மூடிப்போட்டு வந்தவையாம். அண்டைக்குப் பின்னேரம் இவள் எடுத்தாள். முதல் சொல்லே, "சித்தி?" காட்டுக்குள்ள தனியப் பிள்ளை... "முகாமில சுகமா இருக்கிறா" எண்டிட்டன். வாயில வந்திட்டுது, அண்ணை. பிறகு ஒரு மாசமா அதைத்தானே வளர்க்கிறன். சித்திக்குக் காய்ச்சல் மாறீட்டுது, சித்தி உன்னைக் கேட்டவ...

இண்டைக்கு வாறாள். சில்க்போர்க் ஸ்ரேசனில நிப்பன் எண்டவள். அடுத்த கிழமை சிலோனுக்கு ரிக்கற்றும் போட்டிட்டாளாம். சித்தியைப் பாக்க.

அந்தா, ஸ்ரேசன் வந்திட்டுது... அந்தத் தொப்பிக்காரிதான் இவள். கறுத்துப் போனாள், என்ன? என்னை இன்னும் காணேல்ல...

நீங்கள் இங்கதானே? இறங்குங்கோ, அண்ணை, கதவு பூட்டப் போறான். இல்லையில்லை, நான்... நான் அடுத்த தரிப்பில இறங்குறன்.