பதினோரு கிலோ குளிர்

இந்த அறையில் ஏசியைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள், ஐயா. காற்று முழுக்க உங்கள் வழுக்கையில் இறங்குகிறது. கதவருகே நிற்கும் காவலர், பாவம், வியர்வை தாங்காமல் காலரைத் தூக்கிவிட்டு உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. கார் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஏசி பிரிவில்தான் இருக்கிறேன். என்ஜின்காரர்களுக்கு விருது கொடுப்பார்கள். ஏசிக்காரன் நினைவு வெயிலில்தான் வரும், அதுவும் திட்டுவதற்கு.

எங்கள் கம்பெனி அந்தப் பந்தயக் குழுவோடு கூட்டுச் சேர்ந்தபோது எல்லாரையும் விட அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க நிற்காமல் ஓடும் பந்தயம். ஒரே வண்டியை மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். 'பந்தயத்தில் ஓடியதே உங்கள் வாசலுக்கு வருகிறது' என்பது எங்கள் விளம்பரம். என்ஜின் ஓடலாம், பிரேக் ஓடலாம், என் ஏசி மட்டும் ஓடக் கூடாதா?

குழுத் தலைவர் அதைத் தராசில் ஏற்றினார். பதினோரு கிலோ. "ஒரு கிராமுக்கு நாங்க உயிரை விடுறோம், நீங்க ஐஸ் வண்டியைக் கொண்டாந்து வைக்கிறீங்களே" என்றார். பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. ஓட்டுநர்களில் அவனும் ஒருவன். அவனைச் சிபாரிசு செய்ததே நான். "அத்தான், அதை அக்காகிட்ட குடுத்துடுங்க. கோபம் வரும்போது போட்டுக்கட்டும்" என்றான். வாய்க்கொழுப்பு. ஆனால் அவன் வந்தால்தான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

ஏசிக்குப் பதிலாக அவர்களிடம் ஒரு சட்டை இருந்தது. உள்ளே மெல்லிய குழாய்கள். இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் ஐஸ் தண்ணீர். அது சட்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்து உடம்பைக் குளிர வைக்கும். கம்பெனி ஆள் சும்மா நிற்கிறானே என்று பெட்டியை நிரப்பும் வேலையை எனக்குத் தந்தார்கள். படித்த படிப்புக்குத் தண்ணீர் ஊற்றும் உத்தியோகம். நானும் சிரித்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

பந்தயத்தன்று உச்சி வெயிலில் மச்சானின் முறை வந்தது. பெட்டியில் நான் ஐஸ் போடவில்லை. டீக்கு வைத்திருந்த கொதிநீரைக் கலந்து ஊற்றினேன். கை பொறுக்கிற சூடுதான். நான் ஒன்றும் கொடூரன் இல்லை. கொஞ்சம் தலை சுற்றும், வண்டியை ஓரங்கட்டுவான், குழுத் தலைவரே ஏசி கேட்டு என்னிடம் வருவார் என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் ரேடியோவில் அவன் குரல் வந்தது. "சட்டை சுடுதுங்க. ஏதோ கோளாறு."

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "உள்ள கூப்பிட்டுடலாமா?"

கூப்பிட்டால் பெட்டியை மாற்றி அனுப்பிவிடுவார்கள். என் ஏசி மூலையிலேயே கிடக்கும். "பெட்டி நல்லாதான் இருக்கு. வெயில் அப்படி. பழகிடும்" என்றேன். அவர் அதை அவனிடம் சொன்னார். அவன் சிரித்தது எனக்கும் கேட்டது. "அத்தான் சொன்னா சரிதான். ஓட்டுறேன்."

மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னேன். பிறகு அவன் பேச்சு குழறியது. நேர்சாலை முடிகிற இடத்தில் வண்டி திரும்பாமல் சுவருக்குப் போனது. பிரேக் போட்ட தடமே இல்லை என்கிறார்கள். மயங்கிய ஆள் எப்படிப் போடுவான்? மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

அடுத்த பந்தயத்துக்கு வண்டியில் ஏசி ஏறிவிட்டது. எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நேற்று மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவள்தான் உங்களிடம் வந்திருக்கிறாள், தெரியும். "மூணு பேர் ஓட்டுனாங்களே, என் தம்பிதான் கெடச்சானா?" என்று கேட்டாள். ஆத்திரத்தில் கேட்கிறாள், நிதானமாக யோசித்தால் அவளுக்கே புரியும். மற்ற இருவரும் யாரோ பெற்ற பிள்ளைகள், ஐயா. அவர்களை வைத்துச் சோதனை பார்க்க எனக்கு மனசு வரவில்லை.