இரண்டாவது பில்ட்

புணேயின் வாகடில் மழைக்காலத்தில் துணி காய்வதே பெரும்பாடு. அன்றும் ஈரத் துப்பட்டாவோடுதான் அலுவலகம் போனேன்.

சுபின் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே இருக்கும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். அதில் அலாரம் அடிக்க ஒரு பேக்கேஜ், நடந்ததைப் பதிவு செய்ய இன்னொன்று. மூலநிரலிலிருந்து இவற்றைக் கட்டும்போது, அதாவது பில்ட் செய்யும்போது, அலாரம் பதிவைக் கேட்கும், பதிவு அலாரத்தைக் கேட்கும். எதை முதலில் எடுத்தாலும் பில்ட் நின்றுவிடும்.

"அக்கா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சிட்டு நிக்குது. க்யா கரூ, என்ன பண்றது?"

வழி சொல்லிக்கொடுத்தேன். ஒலியை நீக்கி ஊமை அலாரம் ஒன்றை முதலில் கட்டு. அதை வைத்துப் பதிவைக் கட்டு. பிறகு அந்தப் பதிவை வைத்து அலாரத்தை ஒலியோடு மறுபடி கட்டு. சுபின் முதல் இரண்டையும் செய்தான். மூன்றாவதை மறந்துவிட்டான். அவன் மனம் பெர்லினில் இருந்தது. அங்கே வேலை கிடைத்திருந்தது.

கடைசிச் சோதனை என் பொறுப்பு. கருவி ஊமையாக இருப்பதைப் பார்த்தேன்.

"எல்லாம் டீக் தானே, சரியா இருக்குல்ல, ஹெலினா அக்கா?"

"டீக்தான்டா," என்றேன்.

அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் நான். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து என் வீட்டில்தான் சாப்பிடுவான். எங்காவது ஒரு மருத்துவமனை புகார் செய்யும், அவன் பெயர் கொஞ்சம் கெடும், பெர்லின்காரர்கள் யோசிப்பார்கள், அவன் இங்கேயே இருந்துவிடுவான். அவ்வளவுதான் நினைத்தேன்.

எங்கள் கருவி மாட்டியிருந்த நோயாளி, வைஜயந்தி என்ற அம்மாளை எனக்குத் தெரியாது. மூச்சுத் திணறினால் மணி அடிக்கும் என்று நர்ஸ் சொன்னதை நம்பி, அவருடைய மகள் பக்கத்து நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருக்கிறாள். விழித்தபோது அம்மாவின் கை சில்லிட்டிருந்ததாம். அதைக் கேட்டு நானும் அழுதேன்.

சுபின் பெர்லின் போகவில்லை. சிஞ்ச்வடில் அம்மா வீட்டில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். தினமும் போய்ப் பார்க்கிறேன். "நான்தானே கொன்னேன், அக்கா?" என்று கேட்பான். "இல்லடா" என்று தலையைத் தடவுவேன். பெற்ற தாயிடம்கூட இப்போது பேசுவதில்லை. என்னிடம் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் அவனைக் கைது செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். அவன் மறந்தான், நான் மறக்கவில்லை. தெரிந்தே அனுப்பினேன். என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

காரணத்தை அவனிடம் நானே சொல்கிறேன். புரிந்துகொள்வான். ஏரவாடா சிறையில் ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்களா? அவன் வருவான்.